திருப்புளி யார் கையில்?

“பெண்ணுக்கு எதற்கு இயந்திரம்?” என்ற கேள்வி இன்னும் சாகவில்லை. வாய்விட்டுக் கேட்போர் அருகிவிட்டனர். ஆனால், உயர்தரத்துக்குப் பாடம் தெரியும் நாளிலே அதே கேள்வி வேறு வேடம் பூண்டு வீட்டுத் திண்ணையில் வந்து அமர்கிறது. “கணிதம் கடினம், பாடசாலை தூரம், கலைப்பிரிவு போதும், பிள்ளை!” தீர்ந்தது வழக்கு!

குச்சவெளியிலே இவ்வழக்கு இப்படித் தீர்வதுதான் வேடிக்கை. அப்பிரதேசத்தின் வடகோடியிலுள்ள புல்மோட்டைக் கரையில் நடப்பதென்ன? கருமணலிலிருந்து இல்மனைட்டைக் காந்தம் இழுத்தெடுக்கிறது. எஞ்சியதில் மின்னைக் கடத்தும் ரூட்டைல் ஒருபுறம். கடத்தாத சிர்க்கன் மறுபுறம். பாடநூலிலே படமாகக் கிடக்கும் பௌதிகம் இங்கே தொழிலாக நடக்கிறது! 1957-இல் அரசு அதற்கெனக் கூட்டுத்தாபனமே கண்டது. அக்கரையில் வளரும் சிறுமியின் கையில் ஒரு காந்தத் துண்டைக் கொடுக்க மட்டும் நமக்கு மனம் வரவில்லை.

ரோபோ என்றதும், பளபளக்கும் பொம்மையை வாங்கிக் கண்ணாடி அலுமாரியிற் பூட்டி, பிரமுகர் வரும் நாளில் திறந்து காட்டுவதையா கேட்கிறோம்? அன்று! உள்ளங்கையளவு மின்பலகை, சிறு மோட்டார், மண்ணின் ஈரமறியும் கருவி, இவை போதும். பாத்தி நனைந்ததும் நீரிறைக்கும் இயந்திரம் தானே நிற்கும்படி மாணவியே கம்பி தொடுக்கட்டும், கட்டளை எழுதட்டும், தவறினால் அவிழ்த்து மீண்டும் பூட்டட்டும். வெங்காயத் தோட்டத்துக்கு நேரம் பார்த்து நீர் பாய்ச்சும் உழவர் பெருமக்களே, இதன் பயன் உங்களுக்கா விளங்காது?

கருவியைக் கொடுத்தால் பெண்பிள்ளை என்ன செய்துவிடுவாள் என்பார்க்கு ஆப்கானிஸ்தானத்து ஹெராத் நகரம் விடை சொல்லும். 2017-இல் வாஷிங்டனில் நடந்த ரோபோப் போட்டிக்கு அந்நகரச் சிறுமியருக்கு இருமுறை விசா மறுக்கப்பட்டது. ஆயினும் போனார்கள், பதக்கத்தோடு மீண்டார்கள். 2020-இல் பெருந்தொற்று மூண்டபோது, டொயோட்டா கொரோலா மோட்டார்வண்டியின் உறுப்புகளைக் கொண்டு மூச்சுக்கருவி செய்ய முனைந்தார்கள். அடுத்த ஆண்டு ஆட்சியைப் பிடித்தவர்களோ, ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் கற்பதையே தடுத்தார்கள். அங்கே துப்பாக்கி இட்ட பூட்டை இங்கே நாம் பாசத்தின் பெயரால் இடுகிறோம்!

2013-இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்தது. பிரிவின் பெயர் பலகையில் இருந்தாற் போதுமா? அதற்கு ஆசிரியர் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும். அவற்றை அரசிடம் கேட்டுப் பெறுவோம். கேட்கும் உரிமை நமக்குண்டு. அதுவரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டுமா?

திருகோணமலையிற் பணிபுரியும் பொறியியலாளர்களே! குச்சவெளி ஏறக்குறைய 35 கிலோமீற்றர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவ்வீதியில் ஏறுங்கள். ஒரே நிபந்தனை: பையன்கள் பூட்ட, பெண்கள் குறிப்பெழுதும் பழைய கூத்து வேண்டாம். முதலில் திருப்புளியை அவளிடம் கொடுங்கள்.