சிப்ஸ் வேறு, பணம் வேறு! ஆன்லைன் போக்கர் டோர்னமெண்ட் சொல்லித் தரும் கணக்கு

2003ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், 86 டாலர் கட்டி இன்டர்நெட்டில் ஒரு போக்கர் தகுதிச் சுற்றில் சேர்ந்தார். அதன் வழியாக, லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் அவருக்கு இடம் கிடைத்தது. நேரடியாகச் சேர வேண்டுமானால் அதற்குக் கட்டணம் 10,000 டாலர். அங்கே 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். மணிமேக்கர் என்பது அவருடைய உண்மையான பெயர்தான்!

ஆன்லைன் போக்கர் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். தோற்றுப் போன 838 பேரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் இந்த விளையாட்டின் பக்கம் போவதற்கு முன், ஒரே ஒரு கணக்கைப் புரிந்து கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எந்தச் சீட்டு பெரியது, எப்படி ஏமாற்றிப் பந்தயம் கட்டுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டோர்னமெண்டில் எல்லாரும் ஒரே நுழைவுத் தொகையைக் கட்டி, ஒரே அளவு சிப்ஸ் பெறுகிறார்கள். சிப்ஸ் தீர்ந்தவர் வெளியேற வேண்டும். கடைசி வரை நிற்கும் சிலருக்கு மட்டுமே பரிசு. நடுவில் எழுந்து, கையில் உள்ள சிப்ஸைப் பணமாக மாற்றிக் கொள்ள முடியாது. எனவே சிப்ஸ் என்பது பணம் அல்ல. தொடர்ந்து ஆடுவதற்கான உரிமை மட்டுமே.

இப்போது கணக்கு. பத்துப் பேர் ஆளுக்குப் பத்து டாலர் போடுகிறார்கள். மொத்தம் 100 டாலர். முதல் பரிசு 50, இரண்டாவது 30, மூன்றாவது 20. முதல் ஆட்டத்திலேயே நீங்கள் எல்லாச் சிப்ஸையும் வைத்து ஒருவரைத் தோற்கடித்து விடுகிறீர்கள். உங்கள் சிப்ஸ் இரு மடங்காகி விட்டது. அதன் மதிப்பும் 20 டாலர் ஆகிவிட்டதா? இல்லை! எல்லாரும் சம திறமை உள்ளவர்கள் என்று வைத்து, ஒவ்வொரு பரிசையும் நீங்கள் பெறும் வாய்ப்பைக் கணக்கிட்டால், 18 டாலர் 44 சென்ட்தான் வருகிறது. தோற்றிருந்தால் பத்து டாலரும் போயிருக்கும். அதாவது பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஒரு பந்தயத்தில் இறங்குவதே நஷ்டம். நூற்றுக்கு 54க்கு மேல் வெல்லும் வாய்ப்பு இருந்தால்தான் இறங்கலாம். ஏஸும் ராஜாவும் கையில் வந்ததும் துள்ளிக் குதிக்கிறோம். ஆனால் எதிராளியிடம் ராணி ஜோடி இருந்தால், நமக்குள்ள வாய்ப்பு பாதிக்கும் குறைவே.

இந்தக் கணக்கிற்கு ஐ.சி.எம். என்று பெயர். ஒருவர் முதலிடம் பெறும் வாய்ப்பு, மொத்தச் சிப்ஸில் அவருடைய பங்குக்குச் சமம் என்பதே இதன் அடிப்படை. எக்ஸெல் தொகுப்பிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலோ நீங்களே இதைப் போட்டுப் பார்க்கலாம்.

டோர்னமெண்ட் உத்திகள் பலவும் இதிலிருந்து பிறந்தவைதான். தொடக்கத்தில் நல்ல சீட்டு வராவிட்டால் தயங்காமல் ஃபோல்ட் பட்டனைக் கிளிக் செய்து விலகுங்கள். பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயம் நேரம் செல்லச் செல்ல ஏறும் என்பதையும் மறக்காதீர்கள். பெரிய பிளைண்ட் 20 ஆக இருக்கும்போது 1,500 சிப்ஸ் அதைப் போல் 75 மடங்கு. அது 200 ஆகும்போது அதே சிப்ஸ் ஏழரை மடங்கு மட்டுமே. அப்போது காத்திருக்க நேரமில்லை. எல்லாவற்றையும் வைக்க வேண்டும் அல்லது விலக வேண்டும். மூன்று பரிசுக்கு நான்கு பேர் எஞ்சியிருக்கும்போது, மற்ற இருவர் மோதிக் கொள்வதை வேடிக்கை பார்ப்பதே லாபம்!

இவ்வளவும் தெரிந்தால் பணம் சம்பாதிக்கலாமே என்று கேட்பீர்கள். கணக்கை இன்னும் ஒரு வரி நீட்டுங்கள். போட்டியை நடத்தும் தளம் ஆளுக்கு ஒரு டாலர் கட்டணம் எடுத்தால், பத்துப் பேரும் கட்டுவது 110. திரும்பி வருவது 100. பத்தில் ஏழு பேருக்கு ஒன்றுமில்லை. சம திறமை உள்ளவர் கூட தொடர்ந்து ஆடினால் நஷ்டப்படுவார். புதியவர் சம திறமை உள்ளவரும் அல்ல. திரைக்கு அப்பால் இருப்பது மனிதர்தானா என்பதும் நிச்சயம் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக் நிறுவனமும் உருவாக்கிய புளூரிபஸ் என்ற சாப்ட்வேர், 2019ஆம் ஆண்டு ஆறு பேர் ஆடும் போக்கரில் தொழில்முறை ஆட்டக்காரர்களையே வென்றது.

நம் நாட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் நிறைவேற்றியது. திறமை விளையாட்டு, அதிர்ஷ்ட விளையாட்டு என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. எனவே வெளிநாட்டுத் தளங்களின் விளம்பரங்களைப் பார்த்து வங்கிக் கணக்கு விபரங்களைத் தர வேண்டாம். பணம் முடங்கினால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

ஆசை இருந்தால் இலவசச் சிப்ஸில் ஆடிப் பாருங்கள். அங்கே பலர் கண்மூடித்தனமாக எல்லாச் சிப்ஸையும் வைப்பார்கள். இழப்பதற்கு ஒன்றும் இல்லையே! அந்த ஆரவாரத்திலும் பொறுமையாக விலகி நிற்கப் பழகினால் பாதி ஆட்டம் கைவந்தது போலத்தான். ஆனால் இலவசச் சிப்ஸ் தீர்ந்ததும், "குறைந்த விலையில் கூடுதல் சிப்ஸ்" என்று ஒரு விண்டோ எட்டிப் பார்க்கும். பணம் கொடுத்து வாங்கும் அந்தச் சிப்ஸ் ஒருபோதும் பணமாகத் திரும்பாது. உடனே அந்த விண்டோவை மூடி விடுங்கள். இந்த விளையாட்டில் நீங்கள் செய்யும் மிகச் சிறந்த ஃபோல்ட் அதுவாகத்தான் இருக்கும்.