வாடிக்கையாளர் கடவுள் இல்லை, பிள்ளைகளா



மாங்கா படிக்கிற நம் பிள்ளைகள் பலர் ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பப் பகிர்கிறீர்கள்: "ஜப்பானில் வாடிக்கையாளர்தான் கடவுள். அவர் என்ன சொன்னாலும் சிரித்த முகத்தோடு செய்வார்கள். அதுதான் ஒமோதெனாஷி, ஜப்பானிய உபசரிப்பு." இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் படிக்கும் கதைகளும் ஒத்துக்கொள்ளவில்லை.

'ஷின்யா ஷோகுடோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு உணவகம் என்று பொருள். வரைந்தவர் அபே யாரோ (அவர் பெயரே அதுதான்!). கடை நள்ளிரவில் திறந்து காலை 7 மணிக்கு மூடும். பலகையில் ஒரே ஒரு சாப்பாடு, கொஞ்சம் மது. வேறு எது கேட்டாலும், கையில் பொருள் இருந்தால் சமைத்துத் தருவார். ரவுடி கேட்டாலும் தருவார், யார் என்ன தொழில் என்று விசாரிக்க மாட்டார். ஆனால் மது ஆளுக்கு மூன்றுதான். அந்தக் கடையில் விதி போடுகிறவர் கடைக்காரர். அதற்குக் கட்டுப்பட்டு உட்காருகிறவர்தான் விருந்தாளி.

இது இன்று வந்த பழக்கமும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ வளர்த்த தேநீர்ச் சடங்கைப் பாருங்கள். தேநீர் அறையின் வாசல் மிகச் சிறியது. எவ்வளவு பெரிய சாமுராயும் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து, ஊர்ந்துதான் நுழைய வேண்டும். உபசரிப்பவருக்கு எவ்வளவு கடமை உண்டோ, வந்தவருக்கும் அவ்வளவு உண்டு.

அப்படியானால் "வாடிக்கையாளரே கடவுள்" எங்கிருந்து வந்தது? 1960களில் மினாமி ஹாருவோ என்ற பாடகர் மேடையில் சொன்னது. கடவுள் சந்நிதியில் நிற்பதுபோல் மனத்தைச் சுத்தமாக்கிக்கொண்டு பாடுகிறேன் என்பதே அவர் சொல்ல வந்தது. கடைக்கு வந்தவர்கள் அதைப் பிடுங்கி, ஊழியர்களை மிரட்டும் தடியாக்கிக்கொண்டார்கள். மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்லும் அளவுக்குப் போனது. கடைசியில், வாடிக்கையாளர்களின் கொடுமையைத் தடுக்கவே டோக்கியோ ஒரு சட்டவிதி போட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பக்தர்களைக் காப்பாற்றக் கடவுள்மேல் சட்டம் போட வேண்டியிருந்தால், அந்தக் கடவுள் எப்படிப்பட்டவர் என்று யோசியுங்கள்.

பரிமாறுகிறவரின் பணிவை மட்டும் வெட்டியெடுத்துப் பகிர்ந்து, "இப்படி அல்லவா இருக்க வேண்டும்" என்று எழுதுவது உபசரிப்பைப் புகழ்வது ஆகாது. நமக்கு ஒரு அடிமை வேண்டும் என்று கேட்பதுதான். அடுத்த முறை படிக்கும்போது, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் எப்படி நடந்துகொள்கிறார் என்றும் பாருங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். ஒற்றுப்பிழை இல்லாமல்!