சொல்லும் பொருளும்: 'அகனி'

ஆங்கிலம் பயிலும் மாணாக்கர் 'பெயின்' என்னுஞ் சொல்லை முதலிற் கற்கின்றனர். சில ஆண்டுகள் கழித்தே 'அகனி' என்பதைச் சந்திக்கின்றனர். அகராதியைப் புரட்டினால் 'கடுந்துன்பம், மிகுந்த வேதனை' என்றிருக்கும். அப்பொருள் சரியானதே. ஆயினும் அவ்வளவோடு அகராதியை மூடிவிட்டால் அச்சொல்லின் உயிர்நிலை நமக்குப் புலப்படாமற் போய்விடும்.

இச்சொல்லின் பிறப்பிடம் நோயாளியின் படுக்கையன்று, விளையாட்டரங்கு. பழங்காலக் கிரேக்கர் ஒலிம்பியாவிலும் பிறவிடங்களிலும் விழாக்காலங்களில் நடத்திய போட்டிகளை 'அகோன்' என்றழைத்தனர். மல்யுத்தமும் அகோன், நாடகாசிரியர் பரிசுக்காகப் போட்டியிட்டதும் அகோன். வெற்றியை நாடிப் போட்டியாளன் படும் பாடு 'அகோனியா' எனப்பட்டது. நாளடைவில் அச்சொல் உள்ளத்தின் போராட்டத்தையுங் குறிக்கலாயிற்று. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டில் அது ஒரேயோரிடத்தில் வருகின்றது. லூக்கா சுவிசேஷம் 22ஆம் அதிகாரம் 44ஆம் வசனம், இயேசுநாதர் தம் மரணத்துக்கு முந்திய இரவிற் பட்ட மனப்போராட்டத்தைச் சொல்லுமிடம் அது. பின்னர் இலத்தீன், பிரெஞ்சு மொழிகளின் வழியாக 14ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தை அடைந்தது. நாடகத்தின் தலைமைப் பாத்திரத்தை 'புரொற்றாகனிஸ்ற்' என்றும், எதிராளியை 'அன்ராகனிஸ்ற்' என்றும் கூறுவர். அவையும் அதே வேரிற் கிளைத்தவையே.

இதனோடு அடுத்து வைத்து நோக்கத்தக்கது 'அங்குவிஷ்'. 'ஒடுக்கம், நெருக்கம்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. நெஞ்சை இறுக்குந் துயரமாதலின் பெரும்பாலும் மனத்தையே சாரும். அகனியோ உடலுக்கும் உள்ளத்துக்கும் பொது.

தமிழில் இதற்கு மிக அண்மையில் நிற்பது 'அவஸ்தை' எனலாம். வடமொழியில் அச்சொல்லுக்கு 'நிலை' என்பதே பொருள். நனவு, கனவு, உறக்கம் முதலிய ஐந்தினையும் சைவ சித்தாந்த நூல்கள் 'அவத்தை' என்று கூறுவது இப்பொருளிலேயாம். பேச்சு வழக்கில் அது துன்ப நிலையை மட்டுங் குறிப்பதாயிற்று. கத்தோலிக்கர் மரணத்தறுவாயில் இருப்பவர்க்குச் செய்யும் சடங்கை 'அவஸ்தைப் பூசுதல்' என முன்னாளில் வழங்கியதும் இதனாலேயே. ஆங்கிலச் சொல் போட்டியிலிருந்து புறப்பட்டது. தமிழர் வழங்குஞ் சொல் நிலையிலிருந்து புறப்பட்டது. இரண்டும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே.

வைத்தியரும் இவ்வேரைக் கைவிட்டாரல்லர். இதயத் துடிப்புத் திடீரென நின்றவர் சிலர், வாயைத் திறந்து இடைவிட்டு இடைவிட்டு மூச்சை இழுப்பர். அதனை 'அகனல்' சுவாசம் என்பர். அருகிலிருப்போர், 'மூச்சு வருகின்றதே' என்று ஆறுதலடைந்து வாளாவிருந்துவிடுவதுண்டு. அது முறையான சுவாசமன்று. உடனே அம்புலன்சை அழைத்து, மார்பை விட்டுவிட்டு அழுத்தும் முதலுதவியைத் தொடங்கவேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். குடும்பத்தினர் யாவரும் அறிந்து வைத்திருக்கவேண்டிய செய்தி இது.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பத்திரிகைகளில் 'அகனி'ப் பத்தி என்றொரு பகுதி இருந்தது. காணாமற்போன உறவினரைத் தேடுவோரும், பிரிந்தவரைத் திரும்பி வருமாறு இரப்போரும் அதிலே விளம்பரஞ் செய்தனர். கொனன் டொயில் படைத்த துப்பறிவாளர் ஷெர்லொக் ஹோம்ஸ் அப்பகுதியைத் தவறாது வாசிப்பவர். பின்னாளில், குடும்பச் சிக்கல்களுக்கு ஆலோசனை கூறும் பத்திக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று.

இனி, இச்சொல்லை ஆளும் முறையைக் கவனிப்போம். பஸ் வண்டி அரைமணி நேரம் பிந்துவது தொல்லை. அதை 'அகனி' என்பது வேடிக்கைப் பேச்சுக்கே பொருந்தும். காணாமற்போன மகனைப் பற்றி ஒரு செய்தியேனும் வாராதா என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் தாய் படுவது அகனி. சிறிய துன்பத்துக்குப் பெரிய சொல்லைச் செலவிட்டுவிட்டால், அத்தாயின் துன்பத்தைக் கூறுவதற்கு நம்மிடம் என்ன சொல் எஞ்சும்? ஒரு முடிவுக்கு வரவியலாது தன்னுள்ளே இருபக்கமும் வழக்காடுபவர் 'அகனைஸ்' செய்கின்றார் என்பர். பழைய போட்டிப் பொருள் இங்கே இன்றும் உயிரோடிருக்கின்றது.

வேதனைப்படுவோரைக் கண்டு 'பாவம்' என்று கூறி அகல்வது எளிது. அவர் வெறுமனே துன்பத்தின்கீழ்க் கிடப்பவரல்லர், அதனோடு மல்லாடிக்கொண்டிருப்பவர் என்று இச்சொல் நமக்கு உணர்த்துகின்றது. மல்லாடுபவனுக்கு வேண்டுவது இரக்கம் மட்டுமன்று. பக்கத்தில் நிற்க ஓர் ஆள்.