பரிசு அல்ல, படி வேண்டும்

தோழர்களே, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் சில ஆண்டுகளாக நடந்துவரும் மாற்றம் நம் ஊர்ப் பத்திரிகைகளில் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தோடு முடிந்துபோனது. அது உழைப்பைப் பற்றிய செய்தி. நீலகிரியின் லயன் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் அதில் பாடம் இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பாலும் கூடைப்பந்தும் பெரும் வணிகம். டிக்கெட்டில், தொலைக்காட்சி உரிமத்தில், பயிற்சியாளர் சம்பளத்தில் பணம் புரண்டது. களத்தில் ஓடியவர்களுக்கு மட்டும் படிப்புச் செலவுக்கு மேல் எதுவும் கூடாது என்று என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு விதி வைத்திருந்தது. அப்படி ஓடியவர்களில் பெரும் பங்கினர் கறுப்பின மாணவர்கள். 2019-இல் கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் போட்டது: தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் மாணவரைக் கல்லூரி தண்டிக்கக் கூடாது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன. 2021 ஜூலையில் என்.சி.ஏ.ஏ. இறங்கிவந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, கல்லூரியே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்குப் பகிர்ந்து தரலாம்.

"காசு வந்தால் விளையாட்டு கெட்டுவிடும்" என்று அங்கேயும் சொன்னார்கள், இங்கேயும் சொல்கிறார்கள். காசு வாங்காமல் ஆடுவதுதான் தூய்மை என்ற கருத்தின் பிறப்பைப் பாருங்கள். 1879-இல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டி வகுத்த விதிப்படி, கூலிக்கு உடலுழைப்பு செய்தவர் அமெச்சூர் வீரர் ஆக முடியாது. துடுப்புப் போட வேண்டுமென்றால் கையில் காய்ப்பு இருக்கக் கூடாது! இதன் பெயர் தூய்மை என்றால், அந்தத் தூய்மையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக அதன் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் நாம்.

அந்த விதிகளின் வாரிசுதான் ஜிம் தோர்ப்பை வீழ்த்தியது. கார்லைல் பள்ளியில் படித்த பழங்குடி வீரர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். முன்பு விடுமுறையில் பேஸ்பால் ஆடிச் சொற்பக் காசு வாங்கினார் என்பதற்காக 1913-இல் பதக்கங்களைப் பறித்தார்கள். தனி வெற்றியாளர் என்று அவர் பெயர் மீண்டும் ஏற 2022 ஆனது. வசதியானவருக்கு அந்தக் காசு தேவைப்பட்டிருக்காது. ஏழைக்குத்தான் அது குற்றமானது.

இனி நம் மலைக்கு வருவோம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வெளியூர் ஓட்டக்காரர்கள் மூச்சைப் பழக்க இங்கே வருகிறார்கள். இந்தக் காற்றிலேயே பிறந்து, ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடந்தே பள்ளிக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் பல்கலைக்கழக அணியில் இருக்கிறார்கள்? 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பெரும் பகுதியினர் தலித்துகள். சாதிச் சான்றிதழுக்கே அலைந்த குடும்பங்கள்.

இவர்களை எந்த விதியும் விளையாட்டிலிருந்து தடுக்கவில்லை. தடுப்பது செலவு. ஸ்பைக்ஸ் ஷூ, முட்டை, பால், கோயம்புத்தூருக்கு இறங்கிப் போக பஸ் கட்டணம். பயிற்சிக்குப் போகும் விடுமுறை நாள் என்பது, அம்மாவோடு தோட்டத்துக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் ஒரு நாள் கூலி.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்கும் பிரிவு உண்டு. தனிநபர் போட்டியில் முதலிடத்துக்கு 1 லட்சம் ரூபாய். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ஆனால் இவை ஜெயித்த பிறகு வருபவை. ஜெயிக்கும் வரை சாப்பிடுவதற்கு? கேலோ இந்தியா தேர்வு செய்தவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் தருகிறது. அது நாடு முழுவதும் சில ஆயிரம் பேருக்குத்தான். 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை நல்ல முயற்சி. ஆனால் நன்கொடையில் ஓடுவது உரிமை ஆகாது.

தனியார் கல்லூரிகளின் கதை வேறு. இலவச சீட், ஹாஸ்டல் என்று அழைத்துப் போகிறார்கள். ஜெயித்தால் அட்மிஷன் பேனரில் மாணவியின் முகம். முட்டி போனால்? அந்த சீட் தொடரும் என்பதற்கு எழுத்தில் என்ன உறுதி இருக்கிறது?

அமெரிக்கச் சட்டத்தை அப்படியே கேட்கவும் நான் சொல்லவில்லை. 2025 சமரசத்தில் பழைய பாக்கியாக ஒதுக்கிய பணத்தின் பெரும் பகுதி ஆண்களின் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. பெண்களுக்குக் கிடைப்பது சொற்பம். சந்தை யாரைப் பார்க்கிறதோ அவருக்கே சந்தை கொடுக்கும். பந்தலூரிலிருந்து வரும் 800 மீட்டர் ஓட்டக்காரியை எந்தக் கம்பெனியும் தேடி வராது. அங்கிருந்து நாம் எடுக்க வேண்டியது ஒன்றுதான்: மாநிலச் சட்டம் அசைந்த பிறகே அந்தப் பெரிய அமைப்பு அசைந்தது.

நம் அரசியலமைப்பிலும் விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது, 33-ஆவது இனமாக. டெல்லியைக் காட்டித் தப்பிக்க முடியாது. தமிழ்நாடு சட்டமன்றம் செய்ய வேண்டியவை:

கல்லூரி அணிக்குத் தேர்வான நாளிலிருந்தே ஒவ்வொரு மாணவருக்கும் மாதப் படி, நேராக வங்கிக் கணக்கில்.

களத்தில் காயம் பட்டால் முழு மருத்துவச் செலவு. பட்டம் முடியும் வரை சீட் பறிபோகாது என்ற உறுதி.

மாணவரின் படத்தைக் கல்லூரி விளம்பரத்தில் போட எழுத்துப்பூர்வச் சம்மதமும் ஊதியமும்.

யாருக்கு எவ்வளவு போகிறது என்று சாதி, பாலினம், மாவட்டம் வாரியாக ஆண்டுதோறும் வெளியீடு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் பங்கு அதில் தெரிய வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் கல்விக் கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். பல கல்லூரிகளில் விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்வி அனுப்புங்கள். எவ்வளவு வசூலானது? எதற்குச் செலவானது? அணிகளில் எத்தனை பேர் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள்? அவர்களுடைய உணவுக்கும் பயணத்துக்கும் எவ்வளவு கொடுக்கப்பட்டது? பதில் வந்தால் அதை நோட்டீஸ் அடித்து வாசலில் கொடுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். கோரிக்கை எண்களோடு போனால் சட்டமன்ற உறுப்பினரும் உட்கார்ந்து கேட்பார்.

ஜெய் பீம்.