18 வயதோடு முடிந்துவிடுவதில்லை டென்னிஸ் கனவு

சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2024 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். உலகத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் அவர் நுழைந்தது 2019 பிப்ரவரியில். அப்போது அவருக்கு வயது 29. முழங்கால் காயங்களால் பல ஆண்டுகளை இழந்த அவர், அதே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் பிரதானச் சுற்றில் ஆடி, 75ஆவது இடம் வரை உயர்ந்தார்.

பிள்ளைகளின் திறமையை 16 வயதிலேயே எடை போட்டு முடித்துவிடும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. சர்வதேச ஜூனியர் போட்டிகள் 18 வயதோடு முடிந்துவிடும். சீக்கிரம் உயரமும் பலமும் பெற்றவர்கள் அவற்றில் முந்திவிடுகிறார்கள். உடல் தாமதமாக வளர்பவர்களும், தாமதமாக மட்டையைப் பிடித்தவர்களும் பின்தங்குகிறார்கள்.

கிராமப்புறப் பிள்ளைகளுக்கு இந்தத் தாமதம் பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. உத்திரமேரூரிலிருந்து சென்னை சுமார் 90 கிலோமீட்டர். பள்ளி முடிந்து நுங்கம்பாக்கம் சென்று பயிற்சி எடுத்துவிட்டு அன்றே வீடு திரும்புவது நடக்கிற காரியமல்ல. சென்னைப் பிள்ளை 7 வயதில் தொடங்குவதை இங்குள்ள பிள்ளை 12 வயதில் தொடங்கினால், அது திறமைக் குறைவாகாது.

ஆனால் காத்திருப்பதற்குப் பணம் வேண்டும். தொழில்முறை டென்னிஸின் அடிமட்டப் போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். அதைப் பல நாட்டு வீரர்கள் பங்கிட வேண்டும். பயணம், தங்குமிடம், பயிற்சியாளர் என்று எல்லாம் சொந்தச் செலவு. பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலே, 2013இல் வரவும் செலவும் சமமானது ஆண்களில் 336ஆவது இடத்திலும் பெண்களில் 253ஆவது இடத்திலும்தான் என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் ஆய்வு கூறியது. ஆண்களுக்கான ஏடிபி அமைப்பு 2024இல் கொண்டுவந்த குறைந்தபட்ச வருமானத் திட்டமும் முதல் 250 பேருக்கு மட்டுமே.

மேலே வந்தவர்களுக்கும் நிலைமை எளிதல்ல. இந்தியாவின் முதல்நிலை வீரராக இருந்த சுமித் நாகல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று 2023 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். நான்கு மாதங்களில் ஆஸ்திரேலிய ஓபனில் 31ஆம் நிலை வீரர் பப்ளிக்கை வென்றார். அதற்கு முன்பே பணமின்றி விலகியிருந்தால் அந்த வெற்றி இல்லை.

அப்படியானால் எளிய குடும்பங்கள் என்ன செய்வது? சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் ஒரு வழியைக் காட்டினார். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடி, 2007, 2008 ஆண்டுகளில் கல்லூரிச் சாம்பியன் ஆனார். 23 வயதில் தொழில்முறைக்கு வந்து 62ஆவது இடம் வரை சென்றார். கல்லூரி அணியில் ஆடும்போது பயிற்சியும் பயணமும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு; கையில் பட்டமும் கிடைக்கிறது. ஆனால் இதற்குப் பள்ளி மதிப்பெண் அவசியம். பள்ளி முடித்து நீண்ட இடைவெளி விட்டால் தகுதியும் பாதிக்கப்படலாம். எனவே டென்னிஸுக்காகப் படிப்பை நிறுத்துவது, இருக்கும் நல்ல வாசலையும் அடைப்பதாகும்.

பெற்றோர்கள் வீட்டை, நகையை அடகு வைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும்: எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தொகை? அந்த வரம்பை முன்கூட்டியே பிள்ளையிடமும் பேசிவிட வேண்டும்.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை போன்ற திட்டங்கள் பதக்கம் வென்றவர்களோடு நின்றுவிடாமல், 18 முதல் 23 வயது வரை போராடுகிறவர்களையும் தேட வேண்டும். கல்விக்கு உதவும் நம் ஜமாஅத்துகளும் செல்வந்தர்களும், படிப்போடு விளையாட்டையும் தொடரும் ஒரு பிள்ளையின் பயணச் செலவை ஏற்க முன்வரலாம். ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும், தாமதமாக வருபவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வேண்டாம்.