கனவை வரைந்தால் அது சூனியமா?



சித்திரப் பாடத்தில் "நான் கண்ட ஒரு கனவு" என்று பிள்ளைகளுக்குத் தலைப்புக் கொடுத்ததைப் பற்றி ஊரில் ஒரு கதை ஓடுகிறது. கனவை வரைவது மேற்கத்தேயச் சூனியக்காரர்களின் வேலை, சர்ரியலிசம் என்பதே ஷைத்தானின் கலை என்று ஒரு குரல் பதிவும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. யாரோடும் சண்டைக்கு நிற்க இதை எழுதவில்லை. அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் பிழையான பகுதி நம் பிள்ளைகளின் கையைப் பிடிக்கிறது.

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஒஸ்ரின் ஒஸ்மான் ஸ்பெயர் என்று ஒரு ஓவியர் இருந்தார், 1956இல் இறந்தவர். தன் ஆசையை எழுதி, அந்த எழுத்துகளை ஒன்றோடொன்று பின்னி ஒரு குறியாக்கி, அதை ஆழ்மனதுக்குள் இறக்கினால் ஆசை நிறைவேறும் என்று நம்பினார். அது மந்திர வேலைதான். (நம் ஊரில் பீங்கானில் இஸ்ம் எழுதிக் கரைத்துக் கொடுப்பவர்களுக்கும் அவருக்கும் அவ்வளவு தூரமில்லை. அதைப் பற்றி மட்டும் யாரும் குரல் பதிவு போடுவதில்லை.) சர்ரியலிசத்தின் தலைவர் அந்த்ரே பிரெத்தோனும் 1929இல் தன் இயக்கத்தை மறைஞானத்தின் பக்கம் திருப்பப் பேசியவர்தான். லியொனோரா கரிங்டன் போன்றவர்களின் படங்களில் இரசவாதமும் தாரோ சீட்டும் வரும். இதையெல்லாம் மறைக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த இயக்கத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. முதலாம் உலகப் போரில் பிரெத்தோன் ஒரு மருத்துவ மாணவர். போரில் மனம் உடைந்த சிப்பாய்கள் இருந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். அவர்கள் தொடர்பில்லாமல் பேசியதையெல்லாம் கவனித்துக் கேட்டார். பிராய்டின் கருத்துகளையும் அங்கேதான் பிடித்துக்கொண்டார். 1924இல் பாரிஸில் அறிக்கை வெளியிட்டபோது அவர் கேட்டது, விழித்திருக்கும் புத்தி பேசவிடாத விடயங்களுக்கு ஒரு வாய் வேண்டும் என்பதுதான்.

இது வெள்ளைக்காரர்களின் கதை, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காகக் கெய்ரோவுக்கு வருகிறேன். 1937இல் நாசிகள் மியூனிக்கில் நவீன ஓவியங்களை "இழிந்த கலை" என்று கேலிக்காகத் தொங்கவிட்டார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் கெய்ரோவில் 37 பேர் "இழிந்த கலை வாழ்க" என்று ஒரு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், யூதர்கள் கலந்த கூட்டம் அது. கனவு ஓவியம் அங்கே பாசிசத்துக்கு எதிரான ஆயுதமாக வந்து சேர்ந்தது.

அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள்தான் எனக்கு நெருக்கம். ஹுசைன் யூசுப் அமீன் ஒரு பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியர். தன் மாணவர்களையே சேர்த்து 1946இல் ஒரு ஓவியர் குழுவை அமைத்தார். அதில் ஒருவர் அப்துல் ஹாதி அல் ஜஸ்ஸார். 1925இல் அலெக்சாந்திரியாவில் பிறந்து, கெய்ரோவின் சையிதா ஸைனப் பகுதியில் வளர்ந்தவர். அங்கே நடக்கும் மவ்லித் விழா நம் கந்தூரி மாதிரி: கூட்டம், கொடி, தாயத்து விற்பவர்கள், குறி சொல்பவர்கள். ஜின் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்களுக்கு மேளம் அடித்து ஆடவைக்கும் "ஸார்" சடங்கும் அந்த நாட்டின் வழக்கம். இவையெல்லாம் அவர் படங்களில் வந்தன. 1951இல் வரைந்த ஒரு பைத்தியக்காரனுக்கு முகம் முழுக்கப் பச்சை நிறம், காதில் ஒரு பூ.

தாயத்தை வரைந்தவர் தாயத்தை நம்பினார் என்று சொல்ல முடியுமா? பசியும் நோயும் உள்ள மக்கள் எதைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்றுதான் அந்தப் படங்கள் காட்டுகின்றன. 1948இல் அவர் வரைந்த ஒரு படத்தில் ஏழைகள் வரிசையாக நிற்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் தரையில் வெறும் பாத்திரங்கள். பேயுமில்லை, மந்திரமுமில்லை. அந்தப் படத்துக்காகத்தான் மன்னர் பாரூக்கின் ஆட்சி அவரையும் அவருடைய ஆசிரியரையும் பிடித்து உள்ளே போட்டது. மஹ்மூத் ஸஈத், முஹம்மத் நாஜி என்ற மூத்த ஓவியர்கள் தலையிட்ட பிறகே விட்டார்கள். அந்தப் பாத்திரங்கள் என்ன சொல்கின்றன என்று பொலிஸுக்கு நன்றாகவே விளங்கியிருக்கிறது.

இனி மார்க்கம். உருவம் வரையலாமா என்ற மஸ்அலா வேறு, அதை ஆலிம்களிடம் விடுகிறேன். கனவு மூன்று வகை என்ற ஹதீஸ் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும்: அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தான் கவலைப்படுத்துவதற்காகக் காட்டுவது, மனிதனின் மனம் தன்னோடு தானே பேசுவது. இரண்டாவது வகையை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வழிகாட்டல் இருக்கிறது. அதனால்தான் பயமுறுத்திய கனவை வரையவேண்டாம் என்று தலைப்புக் கொடுக்கும்போதே பிள்ளைகளிடம் சொன்னேன். நான் கேட்டது மூன்றாவது வகையை. அந்த மூன்றாவது வகையை நாம் ஏன் இல்லாததுபோல நடத்துகிறோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒரு பிள்ளை வித்தியாசமாக ஒன்றைக் கண்டால் நேரே இரண்டாவது பெட்டிக்குள் போட்டுவிட்டு ஓதிப்பார்க்க ஆள் தேடுகிறோம்.

ஸூரா யூஸுபில் மன்னர் கண்ட கனவை நினைத்துப் பாருங்கள். மெலிந்த மாடுகள் கொழுத்த மாடுகளைத் தின்கின்றன. ஒரு பிள்ளை இதைக் கொப்பியில் வரைந்து வந்தால் இன்று என்ன சொல்லுவோம்? யூஸுப் நபி அதில் வரப்போகும் பஞ்சத்தைக் கண்டார்கள், தானியத்தைச் சேமிக்கச் சொன்னார்கள்.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்துப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அலையைத்தான் வரைந்தார்கள். தென்னையை விட உயர்ந்த அலை, அதற்கு மேலே மிதக்கும் கட்டில். அப்போது எவரும் சூனியம் என்று சொல்லவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்றைய பிள்ளைகளின் காரணங்கள் அப்படி வெளியே தெரிவதில்லை.

இம்முறை வந்த படங்களில் நிறையப் பரீட்சை மண்டபங்கள். எழுத்தே இல்லாத வினாத்தாள், முள் இல்லாத மணிக்கூடு. ஒரு படத்தில் வாப்பா பயணப் பெட்டியோடு வாசலில் நிற்கிறார், வீட்டுக்குக் கதவே இல்லை. வரைந்தது யார் என்று சொல்லமாட்டேன், அப்படிப்பட்ட வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. அதை ஓதிப்பார்க்க யாரிடம் கொண்டுபோவது? கட்டாருக்கு ஒரு கோல் எடுத்தால் போதும்.

படங்கள் வியாழக்கிழமை வரை வகுப்பறைச் சுவரில் இருக்கும், பெயர் போடாமல். உம்மாமார், வாப்பாமார் பாடசாலை விட்ட பிறகு வந்து பார்க்கலாம். குரல் பதிவு போட்ட சகோதரரும் வரலாம், தேநீர் என் பொறுப்பு.