சிறப்பு விருந்தினர் நாற்காலி யாருக்கு?

ஜூலை பிறந்தால் விருத்தாசலத்தில் பாலக்கரையிலும் ஜங்ஷன் சாலையிலும் வாழ்த்துப் பேனர்கள் முளைக்கும். ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களுக்கு ஜூலை 1தான் ஆண்டுப் பிறப்பு. புதிய தலைவர், செயலாளர், பொருளாளர் பதவியேற்பார்கள். தையல் இயந்திரமும் நோட்டுப் புத்தகமும் மூன்று சக்கர வண்டியும் வழங்குவார்கள். மறுநாள் நாளிதழில் படம் வரும். கொடுப்பவர்கள் யார், வாங்குகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்பதை ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

படத்தைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று. படத்தில் வராத வாராந்திரக் கூட்டத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மேலைநாட்டில் இது மதிய உணவோடு நடக்கும். நம்மைப் போன்ற தாலுகா ஊர்களில் கடையை மூடிவிட்டு வர வசதியாகப் பெரும்பாலும் மாலையில் நடக்கும். தலைவர் மணி அடிப்பார். செயலாளர் அறிக்கை வாசிப்பார். ஒருவர் எழுந்து சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்துவார். பொன்னாடை, அரை மணி நேரச் சிறப்புரை, நினைவுப் பரிசு, நன்றியுரை, பிறகு சாப்பாடு. வங்கி மேலாளர் வந்து கடன் பற்றிப் பேசுவார். மருத்துவர் சர்க்கரை நோய் பற்றிப் பேசுவார். ஆடிட்டர் ஜிஎஸ்டி பற்றி, பேராசிரியர் திருக்குறள் பற்றி. பயனுள்ள பேச்சுகள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஓராண்டில் இப்படி வந்து பேசிய விருந்தினர்களில் தலித்துகள் எத்தனை பேர்? அவர்கள் வந்த தேதி என்ன? ஏப்ரல் 14ஐ ஒட்டிய வாரத்தைத் தவிர வேறு வாரம் ஏதும் உண்டா? எந்தச் சங்கத்தையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஒவ்வொரு சங்கமும் தன் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

சேவையைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. ரோட்டரி 1985இல் தொடங்கிய போலியோ ஒழிப்பு இயக்கத்தால் பயன்பெறாத சேரி இல்லை. இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட நம் பிராந்தியத்தைப் போலியோ இல்லாத பகுதி என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சங்கங்கள் அதைக் கொண்டாடின, கொண்டாட வேண்டிய செய்தியும்தான். அதே நாளில் டெல்லியில் இன்னொன்று நடந்தது. கையால் மலம் அள்ளும் கொடுமை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2023இல் அதுவே 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. போலியோ கிருமி பரவுவது மலக்கழிவின் வழியாகத்தான். நோயை ஒழித்தது பற்றிப் பேச ஆள் கூப்பிடுகிற சங்கம், கழிவை அள்ளுகிறவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் கேட்டதுண்டா? பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்துக் கல்வெட்டும் வைக்கிறோம். அதன் தொட்டி நிரம்பும்போது யார் வந்து இறங்குகிறார் என்பது சிறப்புரைக்குத் தகுந்த பொருள் இல்லையா?

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் நடந்த முதல் ரோட்டரி கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். அழைத்தவர் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர். மற்ற மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல்காரர். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுழற்சியாகக் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது. தொழிலுக்கு ஒருவர் என்று உறுப்பினர் சேர்த்தார்கள். ஊரின் எல்லாத் தொழிலும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பது அதன் பொருள். காகிதத்தில் பார்த்தால் இதில் சாதிக்கு இடமே இல்லை. இங்கே வந்ததும் அந்த ஏற்பாடு என்னவாயிற்று? நம் ஊரில் தொழிலும் சாதியும் ஒட்டிப் பிறந்தவை. அரிசி ஆலை, நகைக்கடை, மருத்துவமனை, வாகன விற்பனை நிலையம் என்று தொழில்வாரியாக ஆள் எடுத்தாலே சாதிவாரியாக எடுத்ததாகிவிடும். மேலும், உறுப்பினர் ஆக வேண்டுமானால் ஏற்கெனவே இருக்கிற ஒருவர் முன்மொழிய வேண்டும். யார் யாரை முன்மொழிவார்? பழகியவரை, வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து போகிறவரை. கதவில் பூட்டு இல்லை என்று சொல்லலாம். தெரு வேறாக இருக்கும்போது பூட்டு எதற்கு?

தனிப்பட்ட நண்பர்கள் கூடுகிற இடத்தில் இதையெல்லாம் கேட்கலாமா என்று சிலர் சொல்வார்கள். இதே வாதம் அமெரிக்காவில் பெண்கள் விஷயத்தில் வந்தது. கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூர் ரோட்டரி சங்கம், 1970களின் பிற்பகுதியில் 3 பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தலைமை அந்தச் சங்கத்தையே நீக்கியது. வழக்கு நடந்தது. 1987 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது அந்தரங்கமான நட்பு வட்டம் அல்ல, பாகுபாட்டைத் தடுக்கும் மாநிலச் சட்டம் இதற்கும் பொருந்தும் என்றது. 1989இல் ரோட்டரி தன் விதியையே மாற்றிப் பெண்களைச் சேர்த்தது. சங்கம் அழிந்துவிடவில்லை. இன்று நம் மாவட்டத்திலேயே பெண்கள் தலைவர்களாகிப் பதவியேற்கும் படங்களைப் பார்க்கிறோம். சாதிக்கு எதிராக இங்கே விதி எதையும் மாற்றவே வேண்டியதில்லை, தடுக்கும் விதியே கிடையாது. அதனால்தான் வழக்குப் போடவும் வழியில்லை.

மேசையில் இடம் கிடைப்பது சோற்றுக்காக இல்லை. இது பீங்கான் ஊர். அகல் விளக்கும் கொலு பொம்மையும் பியூஸ் கேரியரும் செய்து அனுப்புகிற தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பம் கற்றுத் தரும் அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. அங்கே படித்து முடித்த ஒரு தலித் இளைஞர் சொந்தமாகச் சூளை வைக்க நினைத்தால் என்ன வேண்டும்? கடன் வேண்டும், இடம் வேண்டும், கொள்முதல் செய்ய ஆள் வேண்டும். அரசு தன் பங்கைச் செய்திருக்கிறது. 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு, வட்டியில் 6 சதவீதச் சலுகையும் உண்டு. மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் மொத்தக் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடி சிறு, குறு தொழில்முனைவோருக்கு ஒதுக்க வேண்டும். பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது. ஆனால் வங்கி மேலாளரிடம் 'நம்ம பையன், நல்லா செய்வான்' என்று சொல்ல ஒருவர் வேண்டுமே! அந்த ஒரு வரி எந்த அலுவலகத்திலும் சொல்லப்படுவதில்லை. கூட்டம் முடிந்து இலையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் சொல்லப்படுகிறது. அந்தப் பந்தியில் இல்லாதவனுக்கு மானியம் கோப்பிலேயே கிடக்கும்.

பந்தி என்றதும் சமபந்தி நினைவுக்கு வரும். சுதந்திர தினத்தன்றும் அண்ணா நினைவு நாளன்றும் தமிழகக் கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. நல்ல வழக்கம், தொடரட்டும். ஆனால் சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி போய்விடாது என்று 1936இலேயே எழுதிவிட்டார் அம்பேத்கர். அது ஒரு சிறப்பு விருந்தினர் உரைதான். லாகூரில் இருந்த ஜாத் பாத் தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்பு அமைப்பு, தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடே ரத்தானது. பேசப்படாத அந்த உரையைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். பெரியார் அதைத் தமிழில் வெளியிட்டார். சாதியை ஒழிக்கப் புறப்பட்டவர்களாலேயே ஒரு விருந்தினரின் பேச்சைத் தாங்க முடியவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1944 செப்டம்பரில், அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழு உறுப்பினராகச் சென்னை வந்தார். கன்னிமரா ஓட்டலில் அவருக்கு மதிய விருந்து அளிக்கப்பட்டது. அளித்தவர் சண்டே அப்சர்வர் ஆசிரியர் பாலசுப்பிரமணிய முதலியார், நீதிக்கட்சிக்காரர். விருந்தினர் புகழ்ந்துவிட்டுப் போவார் என்று அங்கே இருந்தவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அம்பேத்கரோ அவர்களுடைய கட்சி ஏன் விழுந்தது என்று விளக்கினார். பிராமணரை எதிர்த்துக்கொண்டே பிராமணரைப் போல ஆகப் பார்த்தீர்கள், உங்கள் பிள்ளைகளுக்கு வேலை வாங்குவதையே கொள்கையாக வைத்துக்கொண்டீர்கள், கிராமத்து உழவரையும் கூலியையும் மறந்தீர்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். விருந்து கொடுத்தவர் இலையிலேயே உட்கார்ந்து இதைச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரு பண்பு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. காட்டுமன்னார்கோயிலில் பள்ளி மாணவராக இருந்தபோது, தலித் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தவர் எல்.இளையபெருமாள். பின்னாளில் தீண்டாமை பற்றி நாடு முழுவதும் ஆராய்ந்து 1969இல் அறிக்கை அளித்த மத்தியக் குழுவுக்கு அவரே தலைவர். அந்த அறிக்கை வந்து அரை நூற்றாண்டு கழித்து, 2020இல், இதே கடலூர் மாவட்டத்தில் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவியாக இருந்த தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தினார்கள். மற்றவர்களுக்கு நாற்காலி. படம் வெளியான பிறகே வழக்கும் கைதும். சட்டம் பதவியைக் கொடுத்தது, நாற்காலியை ஊர் கொடுக்கவில்லை.

விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள புதுக்கூரைப்பேட்டையையும் சொல்லாமல் இருக்க முடியாது. வேதிப் பொறியியல் பட்டதாரியான தலித் இளைஞர் முருகேசனும் வன்னியர் சமூகத்துக் கண்ணகியும் 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். வழக்கு சிபிஐக்குப் போய், 2021 செப்டம்பர் 24 அன்றுதான் கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டிக்கப்பட்ட 13 பேரில் காவல்துறையைச் சேர்ந்த இருவரும் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் இருவரை விடுவித்தது. மற்றவர்களின் மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 28 அன்று தள்ளுபடி செய்தது. முருகேசன் உயிரோடு இருந்திருந்தால் இன்று நடுத்தர வயதுக்காரர். வேதிப் பொறியாளர் என்ற தொழில் வகையில் ஏதோ ஒரு ஊரின் சங்கத்தில் உறுப்பினராக உட்கார்ந்திருக்கலாம். இந்த வழக்கைப் பற்றி நாடே பேசியது. பக்கத்து ஊரில், படித்தவர்களும் வணிகர்களும் கூடும் ஓர் அரங்கில், ஒரு வழக்கறிஞரை அழைத்து அரை மணி நேரம் கேட்கலாம் அல்லவா?

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. அதிகாரியாக, மருத்துவராக, கல்லூரி முதல்வராக உயர்ந்த தலித் ஒருவர் எப்போதாவது விருந்தினராக அழைக்கப்படுகிறார். பொன்னாடை போர்த்துகிறார்கள். அவரும் தன்னம்பிக்கை பற்றிப் பேசிவிட்டு, தெருவிளக்கில் படித்த கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு வருகிறார். சங்கடம் புரிகிறது. அழைத்தவர் மனம் நோகக் கூடாது, மாறுதல் வரக் கூடாது, அடுத்த முறையும் கூப்பிட வேண்டும். ஆனால் கன்னிமராவில் பேசியவரின் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பேசலாம்.

பேசுவதற்குப் பெரிய பதவியும் வேண்டாம். களிமண்ணும் சிலிக்காத் தூளும் பறக்கிற பட்டறையில் 20 ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு பெண்ணை அழையுங்கள். அந்தத் தூசு நுரையீரலில் படிவதால் வரும் சிலிக்கோசிஸ், சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கும் தொழில்நோய். மருத்துவர் வந்து படம் காட்டி விளக்குவது ஒரு விதம். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொல்வது இன்னொரு விதம். முகாம் நடத்த அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. அப்படி அழைத்தால் அன்றைய கூலியைக் கொடுங்கள். வண்டி அனுப்புங்கள். சாப்பாட்டுக்கு உங்கள் மேசையிலேயே உட்கார வையுங்கள், தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்காதீர்கள்.

புதிய நிர்வாகிகள் ஆண்டு முழுவதற்குமான பேச்சாளர் பட்டியலை இந்த நாட்களில்தான் போடுகிறார்கள். ஏப்ரல் 14 வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் எப்படியும் ஒரு வாரம் காலியாக இருக்கும்.